ஒரே நறுமணம், வெவ்வேறு வேளை



கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ஞாயிறு திருப்பலிக்குச் செல்பவர்கள் ஒரு காட்சியை நன்கறிவர். ஒரு மொழியில் திருப்பலி முடிந்து மக்கள் வெளியே வர, மற்றொரு மொழியினர் உள்ளே நுழைவர். பீடம் ஒன்று, நற்கருணை ஒன்று, மொழியும் வேளையும் மட்டுமே வேறு. இத்தகைய ஒழுங்கை இறைவன் சின்னஞ்சிறு தேனீக்களிடமும் வைத்திருக்கிறார்.

நமது நாட்டில் மூவகைத் தேனீக்கள் உண்டு. மரப்பொந்தில் வாழ்வது அடுக்குத்தேனீ. சிறு கிளையில் ஒற்றை அடை கட்டுவது கொம்புத்தேனீ. சிகிரியா போன்ற பாறைகளில் தொங்குவது மலைத்தேனீ. இவை மணத்தால் பேசுகின்றன. இராணித்தேனீ வானில் பறக்கையில், தன் உடலில் சுரக்கும் மணப்பொருளால் ஆண் தேனீக்களை அழைக்கிறது. வியப்பு யாதெனில், அவ்வழைப்பின் முதன்மைப் பொருள் மூவினத்திற்கும் ஒன்றே! அப்படியாயின் குழப்பம் நேராதா?

இக்கேள்விக்கு விடை நம் மண்ணிலேயே கிடைத்தது. இலங்கையில் ஆராய்ந்த கோனிகரும் விஜயகுணசேகரவும் 1976ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். கொம்புத்தேனீயின் ஆண்கள் நண்பகல் 12 மணிக்கும் பிற்பகல் 2.30க்கும் இடையில் பறக்கின்றன. அடுக்குத்தேனீயின் ஆண்கள் மாலை 4.15 முதல் 5.15 வரையும், மலைத்தேனீயின் ஆண்கள் அந்தியில் 6 மணி முதல் 6.45 வரையும் பறக்கின்றன. வானமும் மணமும் ஒன்றே. வேளை மட்டும் வேறு. ஆதலால் ஓரினம் மற்றோரினத்தின் வழியில் குறுக்கிடுவதில்லை.

தேனீக்களிடம் வேறொரு மணமும் உண்டு. ஒரு தேனீ கொட்டும்போது, கனிந்த வாழைப்பழத்தை ஒத்த மணமொன்று அதன் கொடுக்கிலிருந்து எழும். அது அபாய அறிவிப்பு. அதை நுகர்ந்த மற்றத் தேனீக்களும் சீறிப் பாய்ந்து அதே இடத்தில் கொட்டும். ஒன்றின் சினம் நொடியில் கூட்டத்தின் சினமாகிறது.

மனிதரிடையே வதந்தியும் இவ்வாறே பரவுகிறது. 1983ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் திகதி, புலிகள் கொழும்புக்குள் நுழைந்துவிட்டனர் என்ற பொய்ச்செய்தி, தணியத் தொடங்கிய வன்முறையை மீண்டும் மூட்டியது. அந்நாளை நம் மூத்தோர் மறக்கவில்லை. ஆனால், 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம் குருதியில் நனைந்தபோது, பழிவாங்க முற்படாதீர்கள் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை மக்களை வேண்டினார்.

தேன் எடுப்போர் கூட்டைத் திறக்குமுன் புகையிடுவர். அப்புகையில் அபாய மணத்தை உணரும் ஆற்றல் குன்ற, தேனீக்கள் சாந்தமடைகின்றன. நம் இல்லங்களுக்கும் அத்தகைய புகை தேவை. எங்கள் மன்றாட்டு தூபம்போல் உம்முன் எழுவதாக என்று திருப்பாடலாசிரியர் வேண்டினார் அல்லவா? கடுஞ்சொல் ஒன்று வாயில் எழும்போதும், கைத்தொலைபேசியில் வந்த வதந்தியைப் பிறருக்கு அனுப்ப விரல் துடிக்கும்போதும், ஒரு கணம் நின்று செபிப்போம். குடும்பச் செபமாலை நம் இல்லத்தின் தூபமாகட்டும்.

நாம் கிறிஸ்துவின் நறுமணமாய் இருக்கிறோம் என்கிறார் புனித பவுல். இன்று நம் வீட்டிலிருந்து அயலவரைச் சென்றடையும் மணம் எது? அழைக்கும் மணமா, கொட்டத் தூண்டும் மணமா?

ஆண்டவரே, எங்கள் சொல்லும் செயலும் உமது அன்பின் நறுமணத்தையே பரப்பச் செய்தருளும். ஆமென்.