கேன் தண்ணீர்: சீலைப் பார்த்து வாங்குவோம்

அரிசி, பருப்போடு இருபது லிட்டர் குடிநீர் கேனும் இன்று மளிகைக் கடையின் சரக்காகிவிட்டது. இதில் லாபம் சொற்பம், பொறுப்போ பெரிது.

ஒடுகத்தூர் வியாபாரிகளுக்குத் தண்ணீரின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. அருகிலுள்ள ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தோல் பதனிடும் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததை 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் எடுத்துரைத்தது. 2025 ஜனவரியிலும் அதே பிரச்சினை அங்கே பேசப்பட்டது. உப்புக் கரிக்கும் நீரைக் குடித்துச் சலித்தவர்கள், இனிப்பாக இருந்தாலே நல்ல தண்ணீர் என்று நம்புவது இயல்பு. ஆனால் இனிப்பு வேறு, சுத்தம் வேறு.

ஆர்.ஓ. இயந்திரம் கரைந்துள்ள உப்பைக் குறைக்கும். டி.டி.எஸ். மீட்டரும் அந்த உப்பைத்தான் அளக்கும், கிருமியைக் காட்டாது. மேலும், நகராட்சிக் குழாய் நீரில் இருப்பதைப்போல் இதில் கிருமியைத் தடுக்கும் குளோரின் மிஞ்சியிருப்பதில்லை. ஒரே கேன் பல வீடுகளுக்குப் போய் வருகிறது. அதைச் சரியாகக் கழுவாமல் மீண்டும் நிரப்பினால், சுத்திகரித்த தண்ணீரும் கெட்டுவிடும். வெயிலில் வைத்தால் பாசியும் பிடிக்கும்.

ஐ.எஸ். 14543 தரத்தின்படி, 250 மில்லி லிட்டர் குடிநீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. 2001 முதல் கட்டாயமாக இருந்த ஐ.எஸ்.ஐ. முத்திரை 2024 அக்டோபரில் விலக்கப்பட்டது. அதனால் கெடுபிடி தளர்ந்துவிடவில்லை. அதே ஆண்டின் இறுதியில் உணவு பாதுகாப்பு ஆணையம் இந்தக் குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்துவிட்டது.

2006-ஆம் ஆண்டு உணவு பாதுகாப்புச் சட்டத்தின் 27-வது பிரிவு விற்பனையாளரையும் பொறுப்பாளி ஆக்குகிறது. காலாவதியான சரக்கு, சுகாதாரமின்றி வைத்திருந்த சரக்கு, யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத சரக்கு ஆகியவற்றுக்கு நாமே பதில் சொல்ல வேண்டும். "வண்டிக்காரர் இறக்கிவிட்டுப் போனார்" என்பது பதிலாகாது.

ஆகவே உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. கேனில் தயாரிப்பாளர் பெயர், 14 இலக்க உரிம எண், நிரப்பிய தேதி, காலாவதித் தேதி இருக்க வேண்டும்.
2. சீல் உடைந்த, பாசி படிந்த, வாடை வரும் கேனைத் திருப்பி அனுப்ப வேண்டும்.
3. ஒவ்வொரு லோடுக்கும் பில் வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும்.
4. கேன்களை வாசலில் வெயிலில் அடுக்காமல், சோப்பு, பினாயில், பூச்சி மருந்துக்கு எட்ட, நிழலில் வைக்க வேண்டும்.
5. முதலில் வந்த கேனை முதலில் விற்க வேண்டும்.

கேனுக்குக் கிடைக்கும் சில ரூபாய்க்காக, தலைமுறையாக நம்மிடம் கணக்கு வைத்து வாங்கும் குடும்பத்தை இழப்பது வியாபாரம் ஆகாது. அந்தத் தண்ணீரைக் குடிப்பதில் கைக்குழந்தைகளும் உண்டு.