உங்களுக்குத் தெரியுமா? சிரட்டைக்கரியும் மெதனோல் மின்சாரமும்

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்தை எட்டியது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் ஜெனரேற்றர்கள் இரைந்தன. இரைச்சலின்றி மின்சாரம் தருவது மெதனோல் எரிபொருட் கலம். அதில் சுவாலை இல்லை. ஒரு மெதனோல் மூலக்கூறு நீருடன் தாக்கமுற்று 6 இலத்திரன்களை விடுவிக்கும். இப்போதைக்குச் சிறு கருவிகளுக்கே அது போதும். மேலும் வளர, ஊக்கி திருந்த வேண்டும்.

ஊக்கி பிளாற்றினம். தாக்கத்தின் நடுவே உண்டாகும் காபனோரொட்சைட்டு அதன்மீதே ஒட்டி வேலையை முடக்கிவிடும். பக்கத்தில் ருத்தேனியம் இருந்தால் நீரிலிருந்து ஒட்சிசனைப் பெற்றுக் கொடுக்கும். நச்சு காபனீரொட்சைட்டாகி வெளியேறும்.

பிளாற்றினத்தைக் கட்டியாக வைத்தால் உள்ளே இருக்கும் அணுக்கள் வீண். அதனால் 2 முதல் 4 நனோமீற்றர் துணிக்கைகளாகக் கரித்தூளில் பதிக்கிறார்கள். வழக்கமான வல்கன் கரித்தூளின் ஒரு கிராமில் ஏறக்குறைய 250 சதுர மீற்றர் பரப்பு உண்டு. வெள்ளவத்தையில் 10 பேர்ச் காணி!

சிரட்டைக்கரியை நீராவியில் சூடாக்கிச் செய்யும் அக்டிவேற்றட் காபனிலோ இந்தப் பரப்பு 1,000 சதுர மீற்றரைத் தொடும். கொழும்பின் ஹேகார்ப் நிறுவனம் 1973இல் தொடங்கி இக்கரியை உலகெங்கும் விற்கிறது. அப்படியானால் ஊக்கிக்கு இதுவே சிறந்த தாங்கியா? இல்லை. துளைகளில் பெரும்பாலானவை 2 நனோமீற்றரிலும் சிறியவை. அவற்றுக்குள் போன பிளாற்றினம் சிறைப்பட்டுவிடும். மெதனோல் அதை எளிதில் எட்டாது. மின்னையும் இக்கரி நன்றாகக் கடத்தாது. துளைகளை அகலப்படுத்துவதும், நைதரசன் அணுக்களைக் கோத்துத் துணிக்கைகள் நகர்ந்து திரளாமல் பிடித்து வைப்பதும்தான் இன்றைய ஆய்வின் உயிர்நாடி. மொத்தப் பரப்பைவிடத் துளையின் அகலமே முக்கியம். உயர்தர மாணவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

மெதனோலைக் குடித்தால் கண்பார்வை போகும், உயிரும் போகலாம். கலத்துக்கான குப்பிகள் இறுக மூடப்பட்டிருப்பது அதனால்தான்.

எரிபொருட் கல ஆய்வுக்கு அயலில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தமிழ்நாட்டின் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். 1953இல் திறந்த அந்நிலையம் எரிபொருட் கல ஆய்விலும் பெயர் பெற்றது.

நம் நாட்டில் சிரட்டைக்கரியோடு இன்னொரு கரியும் உண்டு. பாறை வெடிப்புகளை நிரப்பிக் கிடக்கும் மிகத் தூய காரீயம் (கிரபைற்று) போகலையிலும் கஹட்டகஹவிலும் தோண்டப்படுகிறது. நூறாண்டுக்கு முன், உலோகம் உருக்கும் மூசைகளுக்காக, கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்தில் அது கப்பலேறியது. இன்று ஹோமாகமவின் ஸ்லின்டெக் நிறுவனம் அதிலிருந்து மிக மெல்லிய கரித்தாளான கிரபீன் செய்யும் வழியை வளர்த்திருக்கிறது. கிரபீன் மின்னை அருமையாகக் கடத்தும். ஆனால் அதன் தாள்கள் மறுபடி படிந்து பிளாற்றினத்தை மூடிவிடும். இடையே கரித்தூள் சேர்த்தால் விலகி நிற்கும். அந்த இடத்தில் துளை அகன்ற சிரட்டைக்கரியை வைத்து, நம் நாட்டின் இரு கரிகளையும் ஒரே மின்வாயில் சோதிக்கும் ஆய்வை நம் பல்கலைக்கழகங்கள் கையிலெடுக்க வேண்டும் என்பது என் பேராசை.