மாதவிடாய் நிறுத்தக் காலமும் இணையவழி மருத்துவ ஆலோசனையும்

மாதவிடாய் நிறுத்தம் (மெனோபாஸ்) என்பது சினைப்பைகளின் இயக்கம் ஓய்ந்து மாதவிடாய் நிலையாக நின்றுபோவதாகும். தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால் அது நிகழ்ந்துவிட்டதாகக் கொள்வர். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் ஏற்படுகிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே திடீரென உடல் சூடேறி வியர்த்தல், தூக்கமின்மை, எரிச்சல், மூட்டுவலி, பிறப்புறுப்பு வறட்சி ஆகியவை தொடங்கலாம். கருப்பையுடன் சினைப்பைகளும் அகற்றப்பட்டவர்களுக்கு இவை ஒரேயடியாகவும் கடுமையாகவும் வரும்.

தென்பெண்ணைக் கரையிலுள்ள மூங்கில்துறைப்பட்டு, கூட்டுறவுச் சர்க்கரை ஆலையால் அறியப்பட்ட ஊர். வெயிலில் கரும்பு வெட்டும் பெண் தனக்கு வரும் உடற்சூட்டை வேலையின் சூடென்றே எண்ணிக்கொள்வாள். மகளிர் மருத்துவரைப் பார்க்கக் கள்ளக்குறிச்சிக்கோ திருவண்ணாமலைக்கோ பேருந்தேற வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆனால் உயிருக்கு ஆபத்தில்லாத இத்தகைய தொல்லைக்காக யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. தொலைமருத்துவம் உண்மையில் பயன்படக்கூடிய இடம் இதுதான்.

அரசுச் சேவை

நடுவண் அரசின் இ-சஞ்சீவனி சேவை கட்டணமற்றது. வீட்டிலிருந்து மருத்துவரிடம் பேசும் வசதி 2020 ஏப்ரலில் தொடங்கியது. தமிழ்நாடு அதைத் தொடக்கத்திலேயே பெருமளவில் பயன்படுத்திய மாநிலங்களுள் ஒன்று. அலைபேசி எண்ணைப் பதிந்து, டோக்கன் பெற்று, காணொளியில் பேசியபின் மின் மருந்துச்சீட்டு கிடைக்கும். சிக்னல் சரியாக எட்டாத கல்வராயன் மலைக் கிராமத்தவர், துணை சுகாதார நிலையத்திலுள்ள பணியாளர் உதவியுடன் அங்கிருந்தே மருத்துவரைத் தொடர்புகொள்ளும் முறையும் இதில் உண்டு. முதலில் பேசுபவர் பெரும்பாலும் பொதுமருத்துவரே. மகளிர் சிறப்பு மருத்துவர் வேண்டுமெனக் கேட்பதில் தவறில்லை.

தனியார் சேவையைத் தேர்ந்தெடுத்தல்

இந்தியாவின் தொலைமருத்துவ நெறிமுறைகள் 2020 மார்ச் 25 அன்று வெளியிடப்பட்டன. மருத்துவரின் பதிவு எண் மருந்துச்சீட்டில் இருந்தாக வேண்டும். மாநில மருத்துவ மன்றப் பதிவேட்டில் அதைச் சரிபார்க்கலாம். சீட்டு தேவைப்படும் மருந்துகளை முதல் ஆலோசனையிலேயே எழுதுவதாயின் அது காணொளி வழியில் நடந்திருக்க வேண்டும். ஆகவே நாலு கேள்விக்கு ‘ஆம், இல்லை’ என்று தட்டச்சு செய்ததும் ஹார்மோன் மாத்திரையை வீட்டுக்கு அனுப்பும் சேவையைத் தவிர்ப்பதே நல்லது. செயற்கை நுண்ணறிவுச் செயலி மருந்து எழுதுவதையும் இந்நெறிமுறைகள் அனுமதிப்பதில்லை.

மருத்துவர் கேட்கும் கேள்விகளே சேவையின் தரத்தைக் காட்டும். மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டு, கல்லீரல் நோய், காரணம் தெரியாத உதிரப்போக்கு ஆகியவை உண்டா என்று விசாரிக்காமல் ஹார்மோன் தரக்கூடாது. கருப்பை உள்ளவருக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தந்தால் கருப்பை உட்சுவர் தடித்துப் புற்றுநோய்க்கு வழியாகலாம். புரோஜெஸ்ட்டிரோனும் சேர்க்க வேண்டும். கருப்பை இருக்கிறதா, எடுத்தாயிற்றா என்றுகூடக் கேட்காத மருத்துவரின் சீட்டை ஓரமாக வைத்துவிடலாம். 45 வயதைக் கடந்து, அறிகுறிகளும் தெளிவாக இருப்பவருக்கு ஹார்மோன் இரத்தப் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை. விலையுயர்ந்த பரிசோதனைத் தொகுப்பையும் தன் சொந்தச் சத்துமாத்திரையையும் சேர்த்து விற்கும் நிறுவனத்துக்கு வியாபாரமே முதன்மை. தைராய்டு, இரத்தசோகைப் பரிசோதனைகள் அப்படியல்ல. இந்நோய்களின் அறிகுறிகள் மாதவிடாய் நிறுத்த அறிகுறிகளைப் போலவே இருப்பதால் அவை பயனுள்ளவை.

மொழியும் முக்கியம். வறட்சி, தாம்பத்திய வலி, சிறுநீர்க் கசிவு ஆகியவற்றை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாதவர், பக்கத்தில் மகனை வைத்துக்கொண்டு பேச நேர்ந்தால் பாதியை விழுங்கிவிடுவார். தமிழ் பேசும் மருத்துவரும் தனியே பேச ஓர் இடமும் கிடைப்பது, செயலியின் மற்ற வசதிகளைவிடப் பெரியது.

நேரில் செல்ல வேண்டியவை

மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் துளி இரத்தம் பட்டாலும் நேரில் பரிசோதிக்க வேண்டும். காணொளியில் அதற்கு விடை கிடையாது. மார்பகக் கட்டி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், 40 வயதுக்குமுன் மாதவிடாய் நிற்றல் ஆகியவையும் அவ்வாறே. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர் வரும்போதோ பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டால், ஆலோசனையின்போது மருத்துவரிடம் சொல்ல உதவும். மனச்சோர்வு மிகுந்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.