இன்ஜின் இருக்கட்டும்... தரையைப் பாருங்கள்!

பழைய வேன் வாங்கும் பேச்சு வந்தாலே, "அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று நாம் ஒதுங்கிக் கொள்கிறோம். ஆனால் பணம் பத்தாதபோது அடகுக் கடைக்குப் போவது யாருடைய நகை? நம்முடையதுதானே! நகையைக் கழற்றிக் கொடுக்கிற கைக்கு, வண்டியைத் தொட்டுப் பார்க்கிற உரிமையும் உண்டு சகோதரிகளே!

என் வீட்டுக்காரர் 16 வருஷமாக டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். அடுத்தவர் வண்டிக்கு டிரைவராக இருந்தவர், போன வருஷம்தான் சொந்தமாக ஒரு பழைய வேன் வாங்கினார். அதற்காக ஈரோடு, கரூர், சேலம் என்று அலைந்து 6 வண்டிகள் பார்த்தோம். எல்லா இடத்திலும் ஆண்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்டார்கள், டயரைத் தட்டினார்கள், ஏ.சி.யைப் போட்டுப் பார்த்தார்கள். காலுக்குக் கீழே இருக்கிற தரையை ஒருத்தர்கூடக் குனிந்து பார்க்கவில்லை. அந்த வேலையை நான் எடுத்துக் கொண்டேன். அதில் தெரிந்து கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

தரைக்குள் என்ன இருக்கிறது?

கார் மாதிரி இல்லை இந்த வேன்கள். அடியில் இரும்புச் சட்டங்களைக் குறுக்கே அடித்து, அதன்மேல் ப்ளைவுட் பலகை போட்டு, அதற்கும் மேலே ரெக்சின் மேட்டை ஒட்டி விடுகிறார்கள். கரூர் பக்கம் பாடி கட்டும் பட்டறைகளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சீட்டுகளை எல்லாம் அந்தப் பலகையைத் துளைத்து, போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள்.

பலகைக்கு எமன் தண்ணீர். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறீர்களா? குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு ஏறுகிறார்கள். ராமேஸ்வரம் போனால் கடல் தண்ணீர், உப்பு, மணல் எல்லாமும் சேர்ந்து ஏறுகிறது. குடிதண்ணீர் கேன் கவிழ்கிறது. குழந்தைகள் வாந்தி எடுத்தால் பைப் போட்டு உள்ளேயே கழுவி விடுகிறார்கள். இது போதாதென்று ஜன்னல் ரப்பர் காய்ந்து போன இடம், மேலே கேரியர் முடுக்கிய ஓட்டை, ஏ.சி. தண்ணீர் வடிகிற குழாய் அடைத்துக் கொள்வது... இப்படி மழைக்காலம் முழுக்கச் சொட்டிக் கொண்டே இருக்கும்.

மேட் மேலாக மூடியிருப்பதால், கீழே இறங்கிய தண்ணீர் காய வழியே இல்லை. ஊறப்போட்ட அட்டைப் பெட்டி போலப் பலகை ஏடு ஏடாகப் பிரிந்து விடும். அடியில் இருக்கிற இரும்பும் துருப்பிடிக்கும். மேலே பார்த்தால் மட்டும் புது மேட் பளபளவென்று இருக்கும்!

அந்தப் பச்சை மேட் வண்டி!

நாங்கள் மூன்றாவதாகப் பார்த்த வண்டி இப்படித்தான். பெயிண்ட் புதுசு, சீட் கவர் புதுசு, பச்சை மேட்டும் புதுசு. உள்ளே ஊதுவத்தி வாசனை கமகமவென்று வந்தது. என் வீட்டுக்காரருக்கு இன்ஜின் பிடித்துப் போய், அட்வான்ஸ் கொடுக்கச் சட்டைப் பையில் கை வைத்து விட்டார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு நடை நடந்தேன். கடைசி சீட்டுக்கு முன்னால் கால் வைத்ததும், பாய்க்கு அடியில் தலையணை இருப்பது போல மெத்தென்று அமுங்கியது.

"ஏனுங்க, இங்க வந்து கொஞ்சம் மிதிச்சுப் பாருங்க" என்றேன்.

புரோக்கர் சிரித்துக் கொண்டே, "அக்கா, அது மேட்டு மொத்தமுங்க. உள்ளே ஸ்பாஞ்ச் வெச்சிருக்கு. எஃப்.சி. கூட போன மாசந்தான் ஆச்சு" என்றார்.

"அப்படீன்னா ஒரு ஓரத்தைத் தூக்கிக் காட்டுங்க. ஒட்டறதுக்கு ஆகற செலவை நாங்களே தர்றோம்" என்றேன். அதற்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மேட்டின் ஓரத்தைத் தூக்கினால், பலகை கறுத்துப்போய் கையில் பிட்டு மாதிரி உதிர்ந்தது! கீழே ரோடு தெரிந்தது.

எஃப்.சி. வாங்கிய வண்டி என்றால், அன்றைக்கு மேட்டைக் கிழித்துத் தரையைப் பார்த்தார்கள் என்று அர்த்தமில்லை. அந்தச் சான்றிதழும் வேண்டும், நம் கண்ணும் வேண்டும்.

நீங்களே பார்க்கலாம்

செருப்பைக் கழற்றுங்கள்: வாசல் படியில் ஆரம்பித்து கடைசி மூலை வரை, குதிகாலை அழுத்தி ஒவ்வொரு அடியாக நடங்கள். படியை ஒட்டின இடம், ஜன்னல்களுக்கு நேர் கீழே, பின் சக்கரத்துக்கு மேல் வருகிற வளைவின் ஓரம், கடைசி வரிசையின் இரண்டு மூலைகள் - இந்த நாலு இடமும்தான் முதலில் கெடும். கால் அமுங்கினாலும், "நொறுக்" என்று சத்தம் வந்தாலும் அந்த இடத்தைக் குறித்துக் கொள்ளுங்கள்.

மூக்கை நம்புங்கள்: அரிசியில் புழு வைத்திருப்பதை மூடியைத் திறந்ததும் கண்டுபிடிக்கிறவர்கள் நாம். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் கால் மணி நேரம் மூடி வைக்கச் சொல்லி, பிறகு திறந்து உள்ளே ஏறுங்கள். ஊறின சாக்கு வாடை வந்தால் எங்கோ ஈரம் தங்கியிருக்கிறது. ஊதுவத்தியும் சென்ட்டும் தூக்கலாக அடித்தால், அதற்கும் ஒரு காரணம் இருக்கலாம்.

தட்டிப் பாருங்கள்: 5 ரூபாய் நாணயத்தால் தரையைத் தட்டினால், நல்ல பலகை "டக் டக்" என்று கேட்கும். ஊறின பலகை "பொத் பொத்" என்னும். தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோமே, அதே கணக்குத்தான்.

ஓரத்தைத் தூக்கச் சொல்லுங்கள்: விற்பவர் சம்மதத்தோடு சந்தேகப்பட்ட இடத்தில் மேட்டைத் தூக்கிப் பாருங்கள். வட்ட வட்டமாகத் தண்ணீர்க் கறை, கரும்பூஞ்சை, துருப்பிடித்த ஆணித் தலை இருக்கிறதா? ஸ்குரூ டிரைவர் முனையை லேசாக அழுத்துங்கள். நல்ல பலகையில் இறங்காது, ஊறினதில் வெண்ணெயில் கத்தி போல இறங்கும். "தூக்கவே கூடாது" என்று விற்பவர் ஒரேயடியாக மறுத்தால், வேறு வண்டி பார்ப்பதே மேல்.

சீட்டை ஆட்டுங்கள்: ஒவ்வொரு சீட்டையும் முதுகைப் பிடித்து முன்னும் பின்னும் பலமாக ஆட்டுங்கள். போல்ட் சுற்றியுள்ள பலகை கெட்டிருந்தால் சீட் ஆடும். மலைப்பாதையில் சடன் பிரேக் போடும்போது, அந்த சீட் உட்கார்ந்திருப்பவரோடு சேர்ந்து பெயர்ந்து வந்தால் என்ன ஆகும்? நினைத்தாலே பகீர் என்கிறது.

அடியில் பார்க்கச் சொல்லுங்கள்: இதற்கு ஒரு டிங்கரை, அல்லது பாடி கட்டுகிற பட்டறை ஆளைக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். குறுக்குச் சட்டத்தின் மேல் பழுப்புத் தூள் மட்டும் இருந்தால், சுரண்டி பெயிண்ட் அடித்துக் கொள்ளலாம். சுத்தியலால் தட்டினதும் இரும்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால் வேண்டவே வேண்டாம். பழைய வண்டியின் அடியில் மட்டும் புதுக் கறுப்புப் பெயிண்ட் இருந்தாலும், அங்கங்கே தகரம் வைத்து ஒட்டுப் போட்டிருந்தாலும் உஷாராகிக் கொள்ளுங்கள்.

தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்: கூரை மேலும், ஜன்னல் மேலும் பத்து நிமிஷம் பைப்பில் தண்ணீர் அடிக்கச் சொல்லி உள்ளே உட்காருங்கள். ஒழுகுகிற இடத்தை அடைக்காமல் பலகையை மட்டும் மாற்றினால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதைதான்!

உயிர் போகிற விஷயம்

தரை ஓட்டை என்றால் கால் தடுக்குமே என்று மட்டும் நினைக்காதீர்கள். 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில், ரோட்டோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவன் வண்டிக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை, வண்டித் தரையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியதுதான் காரணம் என்று, வண்டியைச் சோதித்த நிபுணர்கள் கண்டார்கள். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலி, மயக்கம் என்று ஆரம்பித்து, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

நம் டூரிஸ்ட் வேன்களிலும் சைலன்சர் குழாய் தரைக்கு அடியில்தானே போகிறது? கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு தூங்குகிறோம். நடுவில் இருக்கிற வழியில் போர்வையை விரித்து, குழந்தைகளைப் படுக்க வைக்கிறோம். ஓட்டைக்குப் பக்கத்தில் இருப்பது அந்தப் பிஞ்சு மூக்குகள்தான்!

இதற்கும் ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. இருட்டின பிறகு மேட்டைத் தூக்கிவிட்டு உள்ளே உட்காருங்கள். வெளியே ஒருத்தர் டார்ச் லைட்டை வண்டிக்கு அடியில் காட்டிக் கொண்டே வரட்டும். வெளிச்சம் எட்டிப் பார்க்கிற இடமெல்லாம் புகை வருகிற வழி.

வெள்ளத்தில் முங்கின வண்டியா?

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி சென்னையிலும், அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கமும் வெள்ளம் வந்தது நினைவிருக்கும். வெள்ளத்தில் முங்கிய வண்டிகள் கழுவித் துடைத்து, வெளியூர்களுக்கு விலைக்கு வருவது உண்டு. சீட் காலின் இடுக்கில், டேஷ்போர்டுக்கு அடியில், பலகையின் கீழ்ப்பக்கத்தில் காய்ந்த வண்டல் இருக்கிறதா என்று விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு வெளியே இழுங்கள். கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் விஷயம் புரிந்துவிடும். பழைய இன்சூரன்ஸ் பேப்பர்களைக் கேட்டு வாங்கி, எந்த வருஷம் க்ளெய்ம் வாங்கியிருக்கிறார்கள், எதற்காக என்றும் விசாரியுங்கள்.

வாங்கலாமா, விடலாமா?

எந்தப் பழைய வண்டியிலும் ஏதாவது குறை இருக்கும். படி ஓரத்தில் ஒரு முழம் பலகை கெட்டிருந்து, அடி இரும்பு கெட்டியாக இருந்தால் பயப்பட வேண்டாம். செலவைக் கணக்குப் போட்டு விலையில் குறைத்துக் கொள்ளலாம். தரை முழுவதும் போயிருந்தால் கணக்கே வேறு. 13 அடி நீளம், 6 அடி அகலத் தரைக்கு, 8க்கு 4 அடிப் பலகை 3 வேண்டும். பலகை விலையைவிட, எல்லா சீட்டையும் கழற்றி மாட்டுகிற கூலிதான் அதிகம். அத்தனை நாளும் வண்டி ஓடாது, ஆனால் தவணை மட்டும் ஓடும்! குறுக்குச் சட்டமும் உளுத்திருந்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இன்னொரு விஷயம். குறை என்ன, சரி செய்ய எவ்வளவு ஆகும் என்பதைப் பட்டறையில் எழுதி வாங்கிக் கொண்டு பேரம் பேசுங்கள். வெறும் வாய்ப்பேச்சுக்கு யாரும் இறங்கி வர மாட்டார்கள். நாங்கள் கடைசியாக வாங்கின வண்டியில் படியை ஒட்டி பலகை ஊறியிருந்தது. பட்டறைச் சீட்டைக் காட்டினதும் 20,000 ரூபாய் குறைத்தார்கள். ஜன்னல் ரப்பரை மாற்றி, பலகையை வெட்டி எடுத்துப் புதுசு போட்டோம். இரண்டு மழைக்காலம் தாண்டியும் தரை கல் மாதிரி இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு தங்கச்சி குடும்பத்தில், இதையெல்லாம் பார்க்க ஆளில்லாமல் ஒரு வேனை வாங்கி விட்டார்கள். நாலே மாசத்தில் தரையைப் பிரிக்க வேண்டியதாயிற்று. சபரிமலை சீசன் முழுக்க வண்டி பட்டறையில் நின்றது. மீட்க வேண்டிய தாலிக்கொடிக்கு இன்னும் வட்டி கட்டிக் கொண்டிருக்கிறாள். அவளைப் பார்த்த பிறகுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

உங்கள் வீட்டிலும் பழைய வேன், ஆம்புலன்ஸ், ஸ்கூல் வண்டி, கேரவன் என்று எது வாங்கினாலும் கூடவே போங்கள். "பொம்பளைக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?" என்று யாராவது கேட்டால் கோபப்படாதீர்கள். சிரித்துக் கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு நடை நடந்து பாருங்கள். அட்வான்ஸைப் பிறகு கொடுக்கலாம்.

- ஒரு வாசகி, பவானி.