காட்டின் கீழடுக்கு: காசிங் குன்றும் பாசோ காடும்

காடு என்றவுடன் ஓங்கி உயர்ந்த மரமே நம் மனக்கண்ணில் தோன்றுகிறது. அம்மரங்களின் அடியில், தரையிலிருந்து சில மீட்டர் உயரம் வரை வளரும் செடி, கொடி, பெரணி, பிரம்பு, இளமரக்கன்று ஆகியவற்றின் தொகுதியைச் சூழலியலார் கீழடுக்கு என வழங்குவர். தமிழில் இதற்குத் 'தூறு' என்னும் பழஞ்சொல் உண்டு. இன்று நாம் அதைப் புதர் மண்டிக் கிடக்கிறது என்று சொல்லி வெட்டச் சொல்கிறோம். இக்கீழடுக்கு காட்டுயிர்க்கு எவ்வாறு வாழிடமாகிறது என்பதையும், அதன் தேய்வு காட்டிற்கு வெளியிலிருந்தே தொடங்கக்கூடும் என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

தீபகற்ப மலேசியாவின் தாழ்நில மழைக்காடுகளில் மேலடுக்கின் மீது விழும் ஒளியில் நூற்றுக்கு ஓரிரு பங்கே தரையை வந்தடைகிறது. அம்மங்கலான ஒளியில் மெராந்தி, கெருயிங் முதலிய பெருமரங்களின் கன்றுகள் மிக மெதுவாக வளர்ந்து, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன. இம்மரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒழுங்கற்ற இடைவெளியில், ஒருசேரப் பூத்துக் காய்க்கின்றன. அவற்றின் விதைகள் மண்ணில் நெடுநாள் உறங்கிக் கிடக்கும் இயல்புடையனவும் அல்ல. விழுந்த சில நாள்களில் முளைத்தாக வேண்டும், இன்றேல் அழியும். ஆகவே இக்காட்டின் சேமிப்பு மண்ணுக்குள் இல்லை. நின்றுகொண்டிருக்கும் கன்றுகளிலேயே உள்ளது. பெருமரம் ஒன்று சாய்ந்து வெளி உண்டாகும்போது அவ்விடத்தை நிரப்புவன பெரும்பாலும் முன்னரே காத்திருந்த கன்றுகளே. கீழடுக்கை இழந்த காடு, முதுமரங்கள் நிற்கும் வரை பல பத்தாண்டுகள் காடாகவே காட்சியளிக்கும். ஏமாற்றம் பின்னரே தெரியவரும்.

இவ்வடுக்கை நம்பி வாழும் உயிர்கள் பல. மலாய்க் கதைகளின் வழி நம் மாணவர்க்கு நன்கு அறிமுகமான 'சாங் கஞ்சில்' அவற்றுள் ஒன்று. இவ்வின விலங்கைத் தமிழர் சருகுமான் என்றனர். அது மறைந்து வாழும் இடத்தையே பெயராக்கிய நுட்பம் பாராட்டத்தக்கது. சிலம்பன் வகைப் பறவைகள் பலவும் தூறுகளுக்குள்ளேயே இரை தேடிக் கூடு கட்டுவன. நிழலில் பழகிய இவற்றுட் பல திறந்தவெளியைக் கடக்கத் தயங்கும் என்பதால், அகன்ற சாலை ஒன்றே அவற்றிற்கு எல்லைச்சுவராகிவிடும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இதனைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பெட்டாலிங் ஜெயாவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையிலுள்ள காசிங் குன்றை அங்குள்ள சிவன் கோயிலால் நம்மவர் பலர் அறிவர். அக்குன்று முன்னாளில் ரப்பர் பயிரிடப்பட்ட நிலம். பழைய பால்மரங்கள் இன்றும் அங்கு நிற்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டங்களில் ஒரு புல்லும் இல்லாமல் தரையைச் சுத்தமாக வைத்திருப்பதே நல்ல நிருவாகத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. அவ்வேலையில் மண்வெட்டி பிடித்தோர் பெரும்பாலும் தமிழரே. சரிவுகளில் மேல்மண் மழையில் அடித்துச் செல்லப்பட்ட பின்னரே அவரையினக் கொடிகளை மூடுபயிராக வளர்க்கும் முறை பரவலாயிற்று. களைவெட்டு நின்றுபோன காசிங் குன்றில் இப்போது பால்மரங்களுக்கு அடியில் பெரணிகளும் கொடிகளும் காட்டுமரக் கன்றுகளும் அடர்ந்துள்ளன.

வெட்டுவதை நிறுத்தினால் போதும், கீழடுக்கு தானே மீளும் என்று இதிலிருந்து முடிவு செய்துவிடலாமா? இயலாது என்பதற்குக் கோலாலம்பூருக்குத் தென்கிழக்கே நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ காடு சான்றாகிறது. மலேசிய வன ஆய்வுக் கழகத்தின் பொறுப்பிலுள்ள இக்காட்டில், 1980களின் நடுப்பகுதியில் 50 எக்டர் நிலம் ஆய்வுக்களமாக அளந்து ஒதுக்கப்பட்டது. ஒரு செண்டிமீட்டர் விட்டமும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு மரமும் அங்கு எண்ணிடப்பட்டது. 800-க்கும் மேற்பட்ட மர இனங்கள் பதிவாயின. அக்களத்தில் எவரும் மரம் வெட்டவில்லை. ஆயினும் 24 ஆண்டுகளில் இளமரக்கன்றுகளின் அடர்த்தி 62 விழுக்காடு குறைந்ததாக 2017இல் வெளியான ஆய்வு காட்டியது.

நேரடிக் காரணம் காட்டுப்பன்றி. ஈனும் காலம் நெருங்கும்போது பெண்பன்றி நூற்றுக்கணக்கான இளங்கன்றுகளை ஒடித்தும் பிடுங்கியும் குவித்துப் படுக்கை அமைக்கிறது. இது அதன் இயல்பே. இயல்பு கேடாக மாறியது எண்ணிக்கையால். 1996இல் பாசோவில் ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 47 பன்றிகள் இருந்ததாக இக்கஸ் என்னும் ஆய்வாளர் மதிப்பிட்டார். அவரும் டிவால்ட், அப்பண்ணா ஆகியோரும் வேலியிட்டுப் பன்றியைத் தடுத்த சிறு பகுதிகளில், இரண்டே ஆண்டுகளில், வேலிக்கு வெளியே இருந்ததைப் போல் மும்மடங்கு புதுக்கன்றுகள் தோன்றின. புலியும் சிறுத்தையும் அங்கு இல்லாமற்போனமை பெருக்கத்திற்கு ஒரு காரணம். மற்றொன்று, காட்டைச் சூழ்ந்துள்ள செம்பனைத் தோட்டம். மழைக்காடு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரும் கனிவிருந்தைச் செம்பனை ஆண்டு முழுவதும் தருகிறது. பன்றி இரவில் தோட்டத்தில் உண்டு, காட்டிற்குத் திரும்பிக் குட்டி ஈனுகிறது. ஆய்வுக்களத்திற்கும் தோட்டத்திற்கும் இடையே ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு இருந்தும் அதன் விளைவு அங்கு எட்டியது.

தினைப்புனத்தில் புகும் காட்டுப்பன்றியைக் குறிஞ்சிப் பாடல்களில் நாம் கற்பிக்கிறோம். அங்கே காடு புனத்தை அழிக்கிறது. பாசோவிலோ புனம் காட்டை அழிக்கிறது. விலங்கையும் மரத்தையும் ஒரு நிலத்தின் கருப்பொருளாக ஒருங்கே வைத்தெண்ணும் திணைமரபு, நிலங்களுக்கிடையே நிகழும் இப்போக்குவரவைக் கற்பிக்கவும் இடந்தரும் என்பது என் கருத்து. பன்றியை மட்டும் பழிப்பது எளிது. அதற்கு உணவிட்டது நாம் நட்ட பயிர்.

பாசோவில் வேறொரு மாற்றமும் பதிவாகியுள்ளது. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து பரவிய, மலாயில் 'செண்டுடோக் புலு' எனப்படும் மயிரடர்ந்த புதர்ச்செடி, பன்றி கிளறிய மண்ணிலும் மரம் சாய்ந்த வெளிகளிலும் வேரூன்றியது. பசுமை நிறைந்த தூறெல்லாம் நலமான கீழடுக்கு ஆகிவிடாது என்பதை இது உணர்த்துகிறது. 2021இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மலேசியாவில் பரவிக் காட்டுப்பன்றிகளையும் தாக்கியது. பன்றி குறைந்த இடங்களில் கன்றுகள் மீளுமா என்பதற்கு விடைகாண ஆண்டுகள் பல ஆகும்; மரத்தின் காலக்கணக்கு அத்தகையது.

பள்ளத்தாக்கினுள் எஞ்சியிருக்கும் காடுகள் பாசோவினும் சிறியவை. பூச்சோங்கிலுள்ள ஆயர் ஈத்தாம் காடு 1906இல் 4,000 எக்டருக்கும் மேற்பட்ட பரப்புடன் ஒதுக்கப்பட்டது. இன்று சுமார் 1,200 எக்டரே உள்ளது. புத்ரா மலேசியா பல்கலைக்கழகம் 1996 முதல் 80 ஆண்டுக் குத்தகையில் அதனைப் பேணுகிறது. சுற்றிலும் குடியிருப்பு.

மாணவரைக் காசிங் குன்றிற்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், பால்மரத்தடியில் ஒரு மீட்டர் சதுரத்தைக் கயிற்றால் அளந்து, உள்ளேயுள்ள கன்றுகளை வகைபிரித்து எண்ணச் செய்யலாம். ரப்பர்க் கன்று எத்தனை, மயிர்ச்செடி எத்தனை, பறவை கொணர்ந்திருக்கக்கூடிய காட்டுமரக் கன்று எத்தனை என்று குறித்துக்கொண்டு, மறு ஆண்டு அதே இடத்தில் மீண்டும் எண்ணலாம். ரப்பர்க் கொட்டை வெடித்துச் சிதறும் ஓசையைக் கேட்டு வளர்ந்த பெற்றோர் உடன் வந்தால், அவர்கள் அறிந்த செடிப்பெயர்களையும் அருகே எழுதி வைக்கலாம்.