பாங்கில் கடன் மறுத்தால் விவசாயி என்ன செய்யலாம்?

புரட்டாசிப் பட்டம் நெருங்கிவிட்டால் சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர் வட்டாரங்களின் கரிசல் காடுகளில் மக்காச்சோளமும் பருத்தியும் விதைக்க ஏற்பாடுகள் தொடங்கிவிடும். விதை, உரம், உழவுக்கூலி எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் பணம் வேண்டும். விதைப்புக்கு ஏற்ற ஈரம் நிலத்தில் தங்கியிருப்பதோ சில நாட்களே. "அடுத்த வாரம் வந்து பாருங்கள்" என்று பாங்கில் சொல்லிவிட்டால், பட்டம் தவறாமலிருக்க விவசாயி வட்டிக்கடைக்குத்தான் போக வேண்டியிருக்கும். ஆகவே பாங்கு சொல்லும் மறுப்பு விதிப்படியானதா, ஆளைப் பார்த்துச் சொல்லும் பாரபட்சமா என்று அறிந்துகொள்வது விதை நேர்த்தியைப் போலவே அவசியமானது.

அமெரிக்காவில் கடன் வழங்குவதில் ஆண், பெண் பேதமும் மணமானவர், ஆகாதவர் என்ற பேதமும் காட்டக்கூடாது என்று 1974-லேயே தனிச் சட்டம் இயற்றினார்கள். இனம், மதம், வயது ஆகியவை 1976-ல் அதில் சேர்க்கப்பட்டன. அப்படியிருந்தும் பண்ணைக் கடனில் தங்களை ஒதுக்குவதாக அந்நாட்டின் கறுப்பின விவசாயிகள் விவசாய இலாகா மீதே வழக்குத் தொடர்ந்து, 1999-ல்தான் உடன்பாடு கண்டார்கள். நம் நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. ஆனால் பாதுகாப்பே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அது பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது.

அரசு யாரிடமும் மதம், சாதி, பால் காரணமாகப் பேதம் காட்டக்கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு. 1969-லும் 1980-லும் தேசியமயமான பாங்குகள் இந்த வகையில் அரசின் அங்கமாகவே கருதப்படுகின்றன. எனவே அவற்றின் மீது ஹைகோர்ட்டில் ரிட் மனு போட முடியும். தனியார் பாங்குகள் மீது பொதுவாக அவ்வாறு போக இயலாது என்று 2003-ல் சுப்ரீம் கோர்ட் கூறிவிட்டது. ஆனால் ரிசர்வ் பாங்கு 2014 டிசம்பரில் வெளியிட்ட வாடிக்கையாளர் உரிமைச் சாசனம் இருவகைப் பாங்குகளுக்கும் உரியது. பால், வயது, மதம், சாதி, உடல் திறன் காரணமாக வாடிக்கையாளரிடம் பேதம் காட்டலாகாது என்பது அதன் முதல் உரிமை. பெண்களுக்கென ஒரு பாங்கு சலுகைத் திட்டம் வகுத்தால் அது பேதம் ஆகாது.

நடைமுறையில் இது எப்படிப் பயன்படும்? பட்டா தன் பெயரிலேயே இருக்கும் ஒரு பெண் பயிர்க் கடன் கேட்கிறார். பெண் என்பதற்காக மட்டும் "கணவரை அழைத்து வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவது சாசனத்துக்கு முரணானது. பட்டா இன்னும் மாமனார் பெயரில் இருப்பதால் திருப்பினால் அது வேறு விஷயம். அங்கே குறை பத்திரத்தில் இருக்கிறது. முதலில் பட்டா மாறுதல் செய்துகொள்ள வேண்டும். குத்தகைக்கு உழுபவர், வாய்மொழிக் குத்தகைதாரர், வாரத்துக்கு உழுபவர் ஆகியோரும் கிசான் கடன் அட்டை பெறத் தகுதியுள்ளவர்களே. 2025 ஜனவரி 1 முதல் ரூ. 2 லட்சம் வரையிலான விவசாயக் கடனுக்கு அடமானச் சொத்தோ, மார்ஜின் பணமோ கேட்கக்கூடாது. பட்டியல் இனத்தவர், பழங்குடியினரின் விண்ணப்பத்தைக் கிளை மானேஜர் தாமே தள்ளுபடி செய்யலாகாது. மேல் நிலையிலுள்ள அதிகாரிதான், காரணத்தைத் தெளிவாகக் காட்டி, அதைச் செய்ய வேண்டும். இந்த விதி பலருக்குத் தெரிவதில்லை.

பட்டாசு வட்டாரத்துக்கே உரிய பிரச்னை ஒன்றுண்டு. இங்கு மானாவாரி விவசாயக் குடும்பங்களில் ஒருவராவது பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போவது வழக்கம். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நடந்த விபத்து போன்றவற்றில் உயிர் தப்பியவர்களிலும் கை, விரல்கள் கருகியவர்கள் உண்டு. விபத்துக்குப் பிறகு அவர்களுடைய கையெழுத்து பாங்கிலுள்ள மாதிரியோடு ஒத்துப்போகாது. விரல் ரேகையும் பதியாது. நஷ்டஈட்டுப் பணம் கணக்கில் இருந்தும் எடுக்க முடியாத நிலை ஏற்படலாம். இதற்கு ரிசர்வ் பாங்கின் விதியே வழிகாட்டுகிறது. கைரேகை வைக்க இயலாதவரிடம் கால் விரல் ரேகையைப் பெறலாம். அதுவும் இயலாவிட்டால் வேறு ஏதேனும் அடையாளக் குறியைப் பெறலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர்களில் ஒருவர் பாங்கின் பொறுப்புள்ள அதிகாரியாக இருக்க வேண்டும். ஊனமுற்றோர் மற்றவர்களுக்குச் சமமாகச் சொந்தப் பணத்தை நிர்வகிக்கவும், பாங்குக் கடன் பெறவும் உரிமை உண்டு என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் கூறுகிறது.

எது பாரபட்சம் ஆகாது?

எல்லா வேறுபாடும் சட்ட விரோதமல்ல. இதற்கு நம் மாநில வழக்கே சான்று. 2016-ல் தமிழக அரசு கூட்டுறவுக் கடன்களைத் தள்ளுபடி செய்தபோது, ஐந்து ஏக்கர் வரை வைத்திருக்கும் சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டுமே சலுகை தந்தது. ஏறத்தாழ 17 லட்சம் பேர் பயனடைந்தனர். விடுபட்டோர் சார்பில் ஒரு விவசாயிகள் சங்கம் வழக்குத் தொடர்ந்தது. இது பாரபட்சமே என்றும், எல்லா விவசாயிகளுக்கும் சலுகை தர வேண்டும் என்றும் ஹைகோர்ட்டின் மதுரை கிளை 2017 ஏப்ரல் 4-ல் தீர்ப்பளித்தது. சுப்ரீம் கோர்ட் அதே ஆண்டு ஜூலையில் அதற்குத் தடை விதித்து, 2021 நவம்பர் 23-ல் அத்தீர்ப்பை ரத்து செய்தது. அதிகம் நலிந்தவருக்கு முதலில் உதவ நில அளவை அடிப்படையாகக் கொள்வது நியாயமான வகைப்பாடுதான் என்பது கோர்ட்டின் முடிவு.

வானம் பார்த்த ஏழு ஏக்கர் கரிசலை வைத்திருப்பவருக்கு இத்தீர்ப்பு கசக்கத்தான் செய்யும். ஆற்றுப் பாசனத்தில் நாலு ஏக்கர் நெல் விளைவிப்பவரைவிட அவர் வசதியானவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பது அரசின் கொள்கை. தீர்ப்பு வந்த அதே ஆண்டு பிப்ரவரியில் ரூ. 12,110 கோடி கூட்டுறவுப் பயிர்க் கடனை அரசு தள்ளுபடி செய்தபோது ஏக்கர் வரம்பு வைக்கவில்லை என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

புகார் செய்யும் முறை

கடன் விண்ணப்பத்தை எழுத்து மூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுதித் தரும்படி கேட்க வேண்டும். வாய்ப்பேச்சு மறுப்பை வைத்துக்கொண்டு மேலே எங்கும் போக முடியாது. முதல் புகார் பாங்குக்கே போக வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது பதில் திருப்தி தராவிட்டால், ரிசர்வ் பாங்கின் ஆம்புட்ஸ்மன் எனும் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நாடு முழுவதற்குமான ஒரே ஏற்பாடாக இது 2021 நவம்பர் 12-ல் தொடங்கியது. விவரம் கேட்க 14448 என்ற எண் உண்டு.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "கடன் தரவில்லை" என்று மட்டும் எழுதினால், அது பாங்கின் வியாபார முடிவு என்று சொல்லிப் புகாரை மூடிவிடக்கூடும். மேலே சொன்ன விதிகளில் எது மீறப்பட்டது, எந்தத் தேதியில், எந்தக் கிளையில் என்று குறிப்பிட்டு எழுதினால் அப்படி எளிதில் மூட இயலாது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தின் மீதான புகார் இங்கே செல்லாது. அதைக் கூட்டுறவுத் துறையின் இணைப்பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். எங்கு அனுப்பினாலும் சிட்டா, அடங்கல், ரசீது ஆகியவற்றின் நகல்களை மட்டும் இணைத்துவிட்டு, அசலைக் கைவசம் வைத்துக்கொள்ளவும்.