மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளைப் பிரித்தறியும் முறை

மழை ஓய்ந்தபின் புல்வெளியோரம் நடப்போர், தரையை ஒட்டித் தாழப் பறக்கும் சிறிய மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளைக் கண்டிருப்பர். அவை யாவும் ஓரினமே என்று கருதுதல் இயல்பு. ஆயினும், யூரிமா என்னும் பேரினத்தைச் சேர்ந்த பல இனங்கள் நம் தமிழகத்தில் உள்ளன. அனைத்திற்கும் மஞ்சள் சிறகு. சிறகின் விளிம்பில் கருங்கரை.

கரையின் அகலத்தைக் கொண்டு இனத்தைத் துணிதல் கூடாது. மழைக்காலத்தில் பிறக்கும் பூச்சிக்குக் கரை அகன்றிருக்கும். அதே இனம் வறண்ட காலத்தில் பிறப்பின், கரை குறுகிச் சிறகின் அடிப்புறத்தில் செம்பழுப்புத் திட்டுகள் மிகும். பருவத்திற்கேற்ப ஆடை மாறுகிறது, இனம் மாறுவதில்லை.

பின் எதனை நோக்குவது? இப்பூச்சிகள் அமரும்போது சிறகுகளைக் கூப்பிக்கொள்ளும். அவ்வேளை முன்சிறகின் அடிப்புறத்தைக் கூர்ந்து பாருங்கள். உடலருகே தொடங்கிச் சிறகின் நடுவரை, நரம்புகள் சூழ்ந்த நீண்ட பரப்பொன்று உண்டு. அதனைச் சிற்றறை எனலாம். அதனுள்ளே காணும் கரும்புள்ளிகளை எண்ணுங்கள். இரண்டாயின் பெரும்பாலும் யூரிமா ஹெக்காபி. 1758-ஆம் ஆண்டில் லின்னேயஸ் பெயரிட்ட இனம் இது. மூன்றாயின் யூரிமா பிளாண்டா. ஒன்றுமில்லையெனின் சிறகின் நுனியை நோக்குங்கள். வறண்ட காலத்தில் அது வெட்டியதுபோல் கோணமாக இருப்பின் யூரிமா லேட்டா. நுனி உருண்டு, உருவமும் சிறுத்திருப்பின் யூரிமா பிரிகிட்டா. சிற்றறையின் முடிவிலுள்ள அடையாளத்தை இவ்வெண்ணிக்கையில் சேர்க்கலாகாது.

புள்ளிகளை எண்ணுவதால் யாது பயன் என்று வினவலாம். ஹெக்காபி தன் முட்டைகளைத் தனித்தனியே இடும். அதன் புழுவின் தலை பச்சை. பிளாண்டாவோ முட்டைகளைக் கூட்டமாக இடும். கருந்தலையுடைய அதன் புழுக்கள் ஒன்றாகத் திரண்டு மேயும். வாகை இனத்து இளங்கன்றுகளின் இலைகளை அவை அடியோடு தின்றுவிடவும் கூடும். நாற்றங்காலில் பறக்கும் மஞ்சட்பூச்சி எதுவென அறிந்தவர், எந்த இலையைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பதையும் அறிவார்.

ஐயம் எழின் புழுவையும் முட்டையையும் துணைச் சான்றாகக் கொள்க. பூச்சி அமராமலே பறந்துவிட்டால், "யூரிமா, இனம் தெளிவில்லை" என்று குறிப்பேட்டில் எழுதுக. காணாத புள்ளியைக் கண்டதாக எழுதிய குறிப்பு, பின்னால் அதனை நம்பிப் படிப்போரையும் வழிதவறச் செய்யும். தெளிவில்லை என்ற குறிப்போ எவரையும் ஏமாற்றாது.